வாயில் திறந்த கல்வி

நூல், அந்நூலைச் சொல்லும் ஆசிரியன், அவன் சொல்லும் முறை, கேட்கும் மாணாக்கன், அவன் கேட்டு மனத்தில் அமைத்துக்கொள்ளும் முறை என ஐந்தாக வகுத்துக் கல்வியை ஆராய்ந்தவர் பவணந்தி முனிவர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த நன்னூலின் பொதுப்பாயிரம் இவ்வைந்தினையும் விரித்துரைக்கின்றது. இவற்றுள் ஒன்று குறையினும் கல்வி நிரம்பாது என்பது அப்பாயிரத்தை ஊன்றிப் படிப்போர்க்குப் புலனாகும். இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலே உலகின் பெரும் பல்கலைக்கழகங்கள் சில, தம் பாடங்களை இணையத்தின் வழியாக எவர்க்கும் விலையின்றி வழங்க முன்வந்தன. ஐந்தனுள் முதலாவதாகிய நூல் அன்று மழைபோற் பொழிந்தது. ஏனைய நான்கும் என்னாயின என்பதே திறந்த கல்வியின் வரலாறு எழுப்பும் வினா.

இவ்வரலாறு கணினியோடு தொடங்கியதன்று. 1840 ஆம் ஆண்டு பிரித்தானியாவில் ஒரு பென்னி முத்திரையுடன் நாட்டின் எப்பகுதிக்கும் கடிதம் அனுப்பும் வசதி ஏற்பட்டது. அதனைப் பயன்கொண்டு ஐசாக் பிற்மன் என்பார் தாம் அமைத்த சுருக்கெழுத்தைத் தபால்மூலம் கற்பித்தார். கற்போர் பயிற்சியை எழுதியனுப்புவர். அது திருத்தப்பெற்று அவர்களிடம் மீளும். மாணாக்கன் ஓரூரிலும் ஆசான் வேறோரூரிலும் இருப்பினும், அவன் செய்த பிழையைச் சுட்டிக்காட்ட ஒரு கை இருந்தது என்பதை ஈண்டு மனங்கொள்ளல் வேண்டும். பின்வரும் செய்திகளை விளங்கிக்கொள்ள இஃது உதவும்.

1858 இல் இலண்டன் பல்கலைக்கழகம் மற்றொரு கதவைத் திறந்தது. குறித்த கல்லூரிகளிற் பயின்றவரே பரீட்சைக்குத் தோற்றலாம் என்னும் கட்டு நீங்கிற்று. எங்குக் கற்றோராயினும், தாமே கற்றோராயினும், பரீட்சையிற் சித்தியடைந்தாற் பட்டம் பெறலாம் என்னும் வெளிவாரி முறை நிலைபெற்றது. அம்முறையின் பயனை இலங்கை நன்கு அறியும். 1921 இல் கொழும்பிலே தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அமையுங்காறும், இலண்டன் பட்டப் பரீட்சைகளுக்கே தன் மாணவரை ஆயத்தஞ் செய்தது. எனினும் இலண்டன் பல்கலைக்கழகம் வெளிவாரி மாணவருக்குப் பாடம் சொல்லவில்லை, பரீட்சையே நடத்தியது. கல்லூரி வாய்த்தவர் கல்லூரியிற் கற்றனர். வாய்க்காதவர் விளக்கொளியில் தனித்திருந்து கற்றனர். கற்க இயலாதவர் இடைநடுவிற் கைவிட்டனர்.

கதவைத் திறந்ததோடு உள்ளே வந்தவரைக் கைப்பிடித்து நடத்தவும் வேண்டும் என்று கருதி எழுந்ததே பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம். 1963 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம், தொழிற்கட்சித் தலைவராயிருந்த ஹரோல்ட் வில்சன் கிளாஸ்கோ நகரில் ஆற்றிய உரையிலே ‘வான்வழிப் பல்கலைக்கழகம்’ ஒன்று அமைக்கும் கருத்தை வெளியிட்டார். அக்கருத்துக்கு உருவம் கொடுத்தவர் ஜெனி லீ என்னும் அம்மையார். சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகளாகப் பிறந்து அமைச்சராக உயர்ந்த அவர், இந்நிறுவனம் ஏனைய பல்கலைக்கழகங்களுக்குத் தரத்தில் ஓர் அணுவும் தாழாதிருத்தல் வேண்டுமென்று உறுதியாக நின்றார். எள்ளியோர் பலர். ஆயினும் 1969 இல் அரச பட்டயம் கிடைத்தது. 1971 சனவரியில் ஏறத்தாழ 24,000 மாணவருடன் கற்பித்தல் தொடங்கிற்று. முன்கல்வித் தகைமை எதுவும் கேட்கப்படவில்லை.

வானொலியும் தொலைக்காட்சியுமே அப்பல்கலைக்கழகம் என்று வெளியார் பலர் எண்ணினர். உண்மை வேறு. பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் நிகழ்ச்சிகள் அதன் ஒரு பகுதியே. தனியே கற்போருக்கென அறிஞர் குழுக்கள் கூடி எழுதிய பாடநூல்கள் தபாலில் வந்தன. வீட்டிலிருந்தே அறிவியற் சோதனை செய்தற்குரிய பெட்டிகள் வந்தன. ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆசிரியர் இருந்தார். ஒப்படைகளைத் திருத்திக் குறிப்பெழுதி அனுப்பினார். கோடை விடுமுறையில் நேரடி வகுப்புகளும் நிகழ்ந்தன. கட்டணம் உண்டு, ஆனால் வாயிலில் தடையில்லை. நன்னூலார் கூறிய ஐந்தும் ஒருங்கே அமைந்த ஏற்பாடு இது எனலாம். இம்மாதிரியைத் தழுவியே உலகெங்கும் திறந்த பல்கலைக்கழகங்கள் தோன்றின. 1980 இல் நாவலையைத் தலைமையிடமாகக் கொண்டு இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும், 1985 இல் இந்தியாவில் இந்திரா காந்தி தேசியத் திறந்த பல்கலைக்கழகமும் எழுந்தன.

இனி இணையத்தின் காலத்துக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டு முடியுந் தறுவாயில், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல இணையவழிக் கல்வியால் பெரும்பொருள் ஈட்டலாம் என்று கனவு கண்டன. மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகமும் அவ்வழியை ஆராய ஒரு குழுவை அமைத்தது. ஆராய்ந்த குழுவினர் எதிர்பாராத முடிபொன்றைச் சொன்னார்கள்: விற்பதால் வரும் ஊதியம் பெரிதன்று, ஆகவே பாடங்களை உலகுக்கு இலவசமாகவே வழங்கிவிடலாம். 2001 ஏப்ரில் மாதம் கழகத் தலைவர் சாள்ஸ் வெஸ்ற் அதனை வெளிப்படையாக அறிவித்தார். 2002 இல் 50 பாடநெறிகளின் குறிப்புகளும் வினாத்தாள்களும் ஒப்படைகளும் இணையத்தில் வைக்கப்பட்டன. 2007 இல் அத்தொகை 1,800 ஆயிற்று. மெலன், ஹியூலெற் என்னும் இரு அறநிலையங்கள் தொடக்கத்துக்கு வேண்டிய பொருளை உதவின.

அதே 2002 ஆம் ஆண்டு பாரிசு நகரிலே யுனெஸ்கோ கூட்டிய மாநாடொன்றில் ‘திறந்த கல்வி வளங்கள்’ என்னும் பெயர் பிறந்தது. அவ்வாண்டின் இறுதியிலே கிரியேற்றிவ் கொமன்ஸ் அமைப்பின் உரிமங்கள் வெளிவந்தன. நூலாசிரியர் தம் உரிமையைக் கைவிடாமலே, பிறர் அந்நூலைப் படியெடுக்கவும் மொழிபெயர்க்கவும் திருத்தியமைக்கவும் அனுமதி தருதற்கு இவை வழி செய்தன. இலவசம் வேறு, திறப்பு வேறு என்னும் வேறுபாடு இதனால் விளங்கலாயிற்று. இலவசமாகக் கிடைப்பதைப் படிக்கலாம். திறந்து விடப்பட்டதையோ எடுத்துத் தன் ஊருக்கும் மொழிக்கும் ஏற்ப ஆக்கிக்கொள்ளலாம். இவ்வேறுபாட்டைப் பின்வந்தோர் பலர் மறந்தமையே இக்கதையின் பெருந்துயரம்.

மாசச்சூசெற்ஸ் கழகம் வழங்கியது நூல்தான், வகுப்பன்று. பரீட்சை இல்லை, சான்றிதழ் இல்லை, ஐயம் கேட்பதற்கு ஆளும் இல்லை. வகுப்பையே திறந்துவிட முயன்றவர்கள் கனடாவைச் சேர்ந்தவர்கள். 2008 இல் மனிற்றோபாப் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் சீமன்ஸ், ஸ்டீபன் டவுன்ஸ் என்னும் இருவரும் நடத்திய ஒரு பாடநெறியிற் கட்டணம் செலுத்திச் சேர்ந்தவர் சுமார் 25 பேர். கட்டணமின்றிக் கலந்துகொண்டவர் 2,200 பேர் வரையில். கற்போர் ஒருவரோடொருவர் உரையாடிக் கற்பதே அவர்கள் கண்ட முறை. ‘பெருந்திரள் திறந்த இணையவழிப் பாடநெறி’ என்னும் பெயர் இம்முயற்சிக்கே முதலில் இடப்பட்டது.

உலகத்தின் கண்ணைத் திறந்தது 2011 இன் இலையுதிர்காலம். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செபாஸ்ரியன் துரூனும் அவருடன் பீற்றர் நோர்விக்கும் செயற்கை நுண்ணறிவு பற்றிய தம் வகுப்பை எவர்க்கும் திறந்துவிட்டனர். ஏறத்தாழ 160,000 பேர் பெயர் பதிந்தனர். அதே காலத்தில் அன்ட்ரூ எங் நடத்திய வகுப்புக்கு ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். ஓர் ஆசிரியர் தம் வாழ்நாள் முழுவதும் கற்பித்தாலும் காணமுடியாத தொகை ஒரு தவணையில் வந்து நின்றது. அடுத்த ஆண்டிலேயே துரூன் யுடாசிற்றி என்னும் நிறுவனத்தையும், எங்கும் டவ்னி கொல்லர் அம்மையாரும் கோர்செரா என்னும் நிறுவனத்தையும் ஆரம்பித்தனர். இவையிரண்டும் இலாபம் கருதியவை. ஹார்வாட் பல்கலைக்கழகமும் மாசச்சூசெற்ஸ் கழகமும் ஒவ்வொன்றும் 3 கோடி டொலர் இட்டு, இலாபம் கருதாத எட்எக்ஸ் என்னும் அமைப்பை உருவாக்கின. ஐம்பது ஆண்டுகளில் உலகிற் பத்து உயர்கல்வி நிறுவனங்களே எஞ்சும் எனத் துரூன் ஆரூடம் கூறியதும் 2012 ஆம் ஆண்டிலேதான்.

அந்நாளைய உற்சாகத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. 2012 இல் எட்எக்ஸ் வழியே வழங்கப்பட்ட மின்சுற்றுகள் பற்றிய முதற் பாடநெறியிலே, மங்கோலியாவின் தலைநகரைச் சேர்ந்த பதினைந்து வயது மாணவனொருவன் முழுப்புள்ளி பெற்றான். பின்னர் மாசச்சூசெற்ஸ் கழகத்திலேயே அனுமதியும் பெற்றான். இவ்வாயில் திறவாதிருந்தால் அவனுடைய ஆற்றலை உலகம் அறிந்திராது. ஆனால் அதே பாடநெறியின் கணக்கை முழுவதும் நோக்குதல் வேண்டும். பதிந்தோர் 154,763 பேர். சான்றிதழ் பெற்றோர் 7,157 பேர். நூற்றுக்கு ஐவர்கூட இல்லை. அந்த மாணவனுக்கும், இப்பாடநெறியைத் தன் வகுப்பில் எடுத்துப் பயன்படுத்திய பாடசாலையின் துணை இருந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

முடிக்காதவரெல்லாம் தோற்றவரல்லர் என்று கூறுவோர் உண்டு. நூல்நிலையத்துக்குச் செல்பவன் எடுத்த நூலையெல்லாம் கடைசிப் பக்கம்வரை படிப்பதில்லையே என்பது அவர் வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால் யார் முடித்தனர், யார் வந்தனர் என்னும் வினாவுக்கு அவ்வாதம் விடையாகாது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் கோர்செரா வழியே வழங்கிய பாடநெறிகளிற் சேர்ந்தோரை ஆராய்ந்த அறிஞர் 2013 இல் வெளியிட்ட முடிபு இதற்கு விடை தந்தது. சேர்ந்தோரிற் பத்தில் எண்மருக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே உயர்கல்விப் பட்டம் பெற்றவர்கள். பிரேசில், சீனா, இந்தியா, உருசியா, தென்னாபிரிக்கா ஆகிய நாடுகளிலிருந்து வந்தோருட் பெரும்பாலார், அந்நாட்டு மக்களிற் செல்வத்தாலும் கல்வியாலும் உயர்ந்த மிகச் சிறுபகுதியினர். இல்லாதவர்க்கென்று திறந்த வாயிலால் உள்ளவரே நுழைந்தனர்.

இல்லாதவரை நேரே நாடிச் சென்ற முயற்சியும் ஒன்றுண்டு. 2013 இன் தொடக்கத்திற் கலிபோர்னியாவிலுள்ள சன் ஹொசே அரச பல்கலைக்கழகம், யுடாசிற்றியுடன் கூடி, கணிதத்திற் பின்தங்கியோர்க்கும் உயர்தரப் பாடசாலை மாணவருக்கும் குறைந்த கட்டணத்தில் இணையவழிப் பாடநெறிகளை நடத்திற்று. நேரடி வகுப்பிற் கற்றோரைவிட இவர்கள் மிகக் குறைந்த தொகையினராகவே சித்தியடைந்தனர். அவர்களுட் சிலரிடம் கணினியே இருக்கவில்லை. அவ்வாண்டு யூலையில் முயற்சி இடைநிறுத்தப்பட்டது. கோடைத் தவணையிற் பெறுபேறு உயர்ந்ததாயினும், அத்தவணையிற் சேர்ந்தோர் பலர் முன்னரே பட்டம் பெற்றவர்கள். தாம் வழங்கிய கல்வி பலருக்குப் பயன்படவில்லை என்பதைத் துரூன் தாமே அவ்வாண்டின் இறுதியில் ஒப்புக்கொண்டார்.

அதே பல்கலைக்கழகத்தின் மெய்யியற் பகுதியினர் அவ்வாண்டு வெளியிட்ட திறந்த மடல் மற்றோர் இடரைச் சுட்டியது. ஹார்வாட் பேராசிரியர் மைக்கேல் சன்டெல் நீதியைப் பற்றி நடத்திய புகழ்பெற்ற விரிவுரைகளைத் தம் மாணவருக்குப் பயன்படுத்துமாறு கேட்கப்பட்டபோது, அவர்கள் மறுத்தனர். செல்வர் பயிலும் பல்கலைக்கழகத்தில் மாணவர் ஆசிரியரோடு நேரில் வாதிடுவர். எளியோர் பயிலும் பல்கலைக்கழகத்தில் அவ்வாதத்தைத் திரையிற் பார்த்திருப்பர். இவ்விரு வகுப்பாகக் கல்வி பிரியுமாயின் அதுவே நீதியன்று என்பது அவர்கள் உட்கிடை. ஆசிரியரைத் துணைசெய்யும் கருவி வேறு. ஆசிரியருக்குச் செலவிடும் பணத்தை மிச்சப்படுத்தும் கருவி வேறு. கருவி ஒன்றேயாயினும் நோக்கத்தால் அது மாறிவிடும்.

வேறு தடைகளும் நேர்ந்தன. 2014 சனவரியில், அமெரிக்க அரசின் பொருளாதாரத் தடைச் சட்டங்களை முன்னிட்டுக் கியூபா, ஈரான், சூடான் ஆகிய நாடுகளிலிருந்தோர் கோர்செராப் பாடநெறிகளைப் பயிலமுடியாது தடுக்கப்பட்டனர். உலகனைத்துக்கும் உரியது என்ற வாயிலின் திறவுகோல் ஓரரசின் கையில் இருந்தமை அன்று தெரிந்தது. பொருள் முடை மற்றொன்று. சிறந்த பாடநெறியொன்றை ஆக்கப் பெருந்தொகை செலவாகும். பயில்வோர் பணம் தருவதில்லை. ஆகவே கொஞ்சங் கொஞ்சமாகக் கதவு ஒருக்களித்தது. 2016 முதற் கோர்செராவின் பாடநெறிகள் பலவற்றில், மதிப்பிடப்படும் ஒப்படைகளும் சான்றிதழும் கட்டணம் செலுத்தியோருக்கே உரியவாயின. எட்எக்ஸ் 2021 இல் 80 கோடி டொலருக்கு 2யு என்னும் வணிக நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அந்நிறுவனமோ 2024 யூலையிற் கடன் சுமையாற் சட்டப் பாதுகாப்பை நாடவேண்டியதாயிற்று. பொருளீட்ட முயலாது 2001 இல் அறிவிக்கப்பட்டு இலவசமாகவே வழங்கப்பட்ட மாசச்சூசெற்ஸ் கழகத்துப் பாடங்களோ இன்றும் இலவசமாகவே நிலைத்திருக்கின்றன.

காலம் செல்லச்செல்ல ஆசிரியரில்லாத குறை தானே நீங்கிவிடுமோ என்றால், அதுவும் நிகழவில்லை. ஹார்வாட், மாசச்சூசெற்ஸ் பாடநெறிகளின் ஆறாண்டுக் கணக்குகளை ஆராய்ந்து 2019 இல் இரு அறிஞர் வெளியிட்ட கட்டுரை, பெயர் பதிந்தோரிற் பாதிக்கு மேற்பட்டோர் பாடத்தினுள் ஒருமுறைதானும் நுழையவில்லை என்றும், 2017–18 இல் முடித்தோர் நூற்றுக்கு 3.13 பேரே என்றும் காட்டிற்று. இதற்கு மாறாக, ஜோர்ஜியாத் தொழில்நுட்பக் கழகம் 2014 இல் ஆரம்பித்த இணையவழிக் கணினி அறிவியல் முதுமாணிக் கற்கைநெறி தழைத்து வளர்ந்தது. அது இலவசமன்று, முழுப் பட்டத்துக்கும் சுமார் 7,000 டொலர் செலவாகும் என்று தொடங்கியது. ஆயினும் அங்கே ஒப்படையைத் திருத்தவும் ஐயம் தீர்க்கவும் உதவியாசிரியர் பலர் இருந்தனர். முடிவிற் பெறுமதியுள்ள பட்டமும் இருந்தது. இந்தியாவிலும், தொழில்நுட்பக் கழகங்கள் கூடி 2003 இல் ஆரம்பித்த என்பிடெல் திட்டம், பாடத்தை இலவசமாக வழங்கிச் சிறு கட்டணத்துடன் நேரடிப் பரீட்சை நடத்துவதோடு, கல்லூரிகளிலே வழிகாட்டும் ஆசிரியரையும் அமர்த்தும் முறையைக் கைக்கொண்டது. பிற்மன் காலத்தில் தபாலில் மீண்டுவந்த திருத்தம் இவ்விடங்களில் வேறு வடிவிற் காணப்படுகின்றது.

இலங்கையர்க்கு இவ்வரலாற்றின் படிப்பினை புதியதன்று. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கட்டணத்தை நீக்குவதோடு அவர் நின்றுவிடவில்லை. நகரத்துக் கல்லூரியின் வசதியைக் கிராமத்துக்குக் கொண்டுசெல்ல மத்திய கல்லூரிகள் வளர்க்கப்பட்டன. வறிய மாணவருக்குப் புலமைப்பரிசில் கிடைத்தது. தாய்மொழி போதனாமொழியாகும் வழி வகுக்கப்பட்டது. பின்னர் 1980 முதல் பாடநூலும், 1993 முதல் சீருடையும் இலவசமாயின. கட்டணம் ஒரு தடை மாத்திரமே. தூரமும் மொழியும் வறுமையும் வேறு தடைகள் என்பதை அரை நூற்றாண்டுக்காலம் ஒவ்வொன்றாகக் கண்டு நீக்கவேண்டியிருந்தது. 2020 ஆம் ஆண்டும் அடுத்த ஆண்டும் கொள்ளைநோயாற் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் இணையத்துக்கு மாறியபோது, அலைத்தொடர்பு தேடி மலைமீதும் மரத்தின்மீதும் ஏறிய பிள்ளைகளை நாடு கண்டது. பாடத்துக்கு விலையில்லை; பாடத்தை எட்டுதற்கு விலை இருந்தது.

மொழித்தடையோ இன்னும் பெரிது. இணையவழி வரும் உயர்தரப் பாடநெறிகளுட் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே உள்ளன. தமிழில் மட்டும் கற்ற மாணவனுக்கு அவை பூட்டிய வீட்டின் சாளரத்தினூடே தெரியும் விளக்கு. ஆனால் திறந்த உரிமத்துடன் வரும் பாடங்களை எவரும் தமிழாக்கலாம் என்பதை மறத்தலாகாது. திறந்த அறிவைத் தமிழில் தொகுக்க இயலும் என்பதற்குச் சான்றாக, 2005 இல் தன்னார்வலராற் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகம் விளங்குகின்றது. ஈழத்துத் தமிழ் நூல்களும் இதழ்களும் அதன்கண் எவர்க்கும் விலையின்றிக் கிடைக்கின்றன. நூல் என்னும் முதலுறுப்பினைத் தமிழுலகம் தானே தேடிக்கொள்ளத் தொடங்கிவிட்டது என்பதற்கு இஃது அறிகுறி.

அப்படியாயிற் செய்யவேண்டியது யாது? பாடநெறிகளைப் புறக்கணிப்பதன்று, அவற்றோடு விடுபட்ட உறுப்புகளைச் சேர்ப்பதே. ஊர் நூல்நிலையத்திலும் பாடசாலையிலும் மாலைவேளையிற் கணினியும் தொடர்பும் கிடைக்க வழி செய்தல், ஒரே பாடத்தைப் பயில்வோர் ஒருங்குகூடிக் கற்றல், அவர்களுக்கு வழிகாட்ட ஓர் ஆசிரியரை அமர்த்தல், நல்ல பாடங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆக்குதல் ஆகிய நான்கும் பெருஞ்செலவு வேண்டாதவை. திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையங்கள் இம்முறைக்கு ஏற்கெனவே வழிகாட்டியுள்ளன.

2012 இல் பலர் எண்ணியவாறு பல்கலைக்கழகங்கள் மறைந்துபோகவில்லை; ஆசிரியரும் மறைந்துபோகவில்லை. அதேவேளை, திறந்த வாயில் வீணாகவும் இல்லை. உலகின் எம்மூலையிலும் உள்ள ஒருவர் சிறந்த அறிஞரின் விரிவுரையை விரும்பிய நேரத்திற் கேட்கலாம் என்பது முன்னைத் தலைமுறைகள் கண்டிராத பேறு. ஆனால் கேட்பவன் தளரும்போது ஊக்குவிக்கவும், பிழைக்கும்போது திருத்தவும், வராதபோது ஏன் வரவில்லையென்று விசாரிக்கவும் ஒருவர் வேண்டும். வகுப்பிலே வெறுமையாகக் கிடக்கும் இருக்கையை ஆசிரியர் கவனிப்பார். இலட்சம் பேர் பதிந்த பாடநெறியில் அவ்விருக்கை ஒருவர் கண்ணுக்கும் படுவதில்லை. அதனைக் காணும் கண்ணையும் சேர்த்து வழங்கும் நாளிலேயே திறந்த கல்வி நிரம்பிய கல்வியாகும்.